அவர் தன்மையாகப் பேசிய நாட்கள்

எனக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கிறது, அது என்னவென்றும் எனக்குத் தெரியும், இங்கே எழுதப்போவதில்லை. கள்ளக்குறிச்சியில் எங்களுக்கு ஜவுளிக்கடை. அத்தா, அதாவது என் அப்பா, புடவை புடவையாகப் பிரித்துப் போட்டுக் காட்டுவார். வந்தவர்கள் எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்து போவார்கள். “பரவால்லீங்க, அடுத்த தபா வாங்க” என்று வாசல் வரைக்கும் வந்து அனுப்பிவைப்பார். வீட்டிலும் அதே மனுஷன்தான். அம்மாவையே “வாங்க, போங்க” என்றுதான் கூப்பிடுவார். எங்கள் சொந்தத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த வீட்டில் பிறந்துவிட்டு நீ எப்படி இப்படி ஆனாய் என்று அம்மா இன்றைக்கும் என்னிடம் கேட்பதுண்டு.

நான் பொது மருத்துவர். ஊரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. ஐப்பசி பிறந்து கல்வராயன் மலைமேல் மேகம் உட்கார்ந்துவிட்டால் எனக்கு நிமோனியாதான் சோறு, தண்ணி எல்லாம். நெஞ்சில் சளி கட்டி வருகிறவர் பிழைப்பாரா மாட்டாரா என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்கிற டாக்டரிடம் போகாதீர்கள். நாங்கள் ஐந்து விஷயம் பார்ப்போம். ஆள் குழம்பியிருக்கிறாரா, ரத்தத்தில் யூரியா ஏறியிருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு முப்பதைத் தொட்டுவிட்டதா, பிரஷர் இறங்கியிருக்கிறதா, வயது அறுபத்தைந்து ஆகிவிட்டதா. ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க். பள்ளிக்கூடத்து மார்க்குக்கு நேர் எதிர், ஏற ஏற ஆபத்து. மூன்றைத் தொட்டால் ஐசியூவில் படுக்கை தேடவேண்டும். எந்த மருந்து, எவ்வளவு பெரிய மருந்து என்பதையும் இந்தக் கணக்கை ஒட்டித்தான் முடிவு செய்வோம்.

பெரிய மருந்து என்றதும் எனக்கு இன்னொரு கோபம் வருகிறது. எங்கள் பக்கத்தில் தும்மினாலும் பெரிய ஊசி கேட்பார்கள். பிரியாணியில் மசாலா அள்ளிப் போடுகிற மாதிரி அதைப் போட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கிருமி அதற்குப் பழகிக்கொள்ளும். நாளைக்கு நிஜமாகவே சாகக்கிடக்கிறவனுக்குப் போட ஒன்றும் மிச்சம் இருக்காது. அதனால் என் வார்டில் அந்த மருந்துகளுக்குப் பூட்டு உண்டு. சாவி என்னிடம். பட்டப்பெயர் வந்த கதையே அதுதான்.

அந்த வருஷம் மழை விடவே இல்லை. கோமுகி அணை நிரம்பித் தண்ணீர் திறந்துவிட்டார்கள். கச்சிராயபாளையத்துப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் எல்லோர் காலிலும் சேறு. அந்தப் பெரியவர் வந்தது அப்படி ஒரு சாயங்காலம். கரும்பு போட்டிருக்கும் விவசாயி, சொந்த நிலம், நல்ல உயரம், வெள்ளைச் சட்டை. சுகர் இருக்கிறது. மாத்திரையை இஷ்டப்பட்டால் போடுவாராம். ஒரு வாரமாகக் காய்ச்சலும் இருமலும், வலது பக்கம் குத்து வலி. ஊரில் இரண்டு ஊசி போட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு தானே நடந்துதான் உள்ளே வந்தார்.

எக்ஸ்ரேயில் வலது பக்கம் கீழே வெள்ளையாகப் படர்ந்திருந்தது. நிமோனியா என்பதில் சந்தேகமே இல்லை. எவ்வளவு மோசம் என்பதுதான் கேள்வி. என் கணக்கை ஆரம்பித்தேன்.

“பேச்செல்லாம் எப்படிம்மா கீது? தெளிவா பேசுறாரா?” என்று அந்த அம்மாவைக் கேட்டேன்.

“தெளிவாத்தான் பேசுறாருங்க. முன்ன வுட நல்லாவே பேசுறாருங்க” என்றார். சொல்லும்போது தலை குனிந்துகொண்டது. அடக்கிவைத்த சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று முகத்தில் ஓடியது. வெட்கப்படுகிறாரோ என்று நினைத்தேன்.

“அய்யா, இது எந்த ஊரு?”

“கள்ளக்குறிச்சிங்க.”

“இவங்க யாரு உங்களுக்கு?”

அவர் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா, “நானு அவரு சம்சாரங்க” என்றார். பெரியவர் அவரைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார். எங்கள் ஊரில் நோயாளியை எது கேட்டாலும் கூட வந்தவர்தான் பதில் சொல்லுவார், பல்வலி என்றாலும் எந்தப் பல் என்று மனைவிதான் காட்டுவாள். நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவர் மனைவியிடம், “நீங்க எதுனா சாப்ட்டீங்களா? எவ்ளோ நேரம் நின்னுக்கினே இருப்பீங்க, உக்காருங்க” என்றார்.

எனக்கு அத்தா ஞாபகம் வந்தது. சிஸ்டரைப் பார்த்துப் புன்னகைத்தேன், அவளும் சிரித்தாள். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மனுஷனா என்று இரண்டு பேருக்கும்.

ஆதார் அட்டையில் அறுபத்து மூன்று, வயதுக்கு மார்க் இல்லை. பிரஷர் அப்போது சரியாக இருந்தது. யூரியா எல்லைக்கோட்டில் நின்றது. மூச்சு இருபது என்று சிஸ்டர் எழுதியிருந்தாள். குழப்பம் இல்லை. கணக்குப் பார்த்தால் பாதி ஆபத்துகூட இல்லை. வார்டில் சேர்த்து, ஆக்சிஜன் போட்டு, வழக்கமான ஊசி ஒன்று, கூடவே மாத்திரை ஒன்று எழுதினேன். பூட்டைத் திறக்க வேண்டிய கேஸ் இது இல்லை.

அந்த ஒரே இரவில் வார்டே அவருக்கு அடிமை ஆகிவிட்டது. ஊசி போட்டால் “உங்களுக்கு எவ்ளோ கஷ்டம் குடுக்கிறேன்” என்பாராம். தரை துடைக்கிற அம்மாவுக்கு வழி விட்டுக் காலை மடக்கிக்கொண்டாராம். “தங்கமான மனுஷன் மேடம்” என்று காலையில் ஆளாளுக்கு என்னிடம் சொன்னார்கள். ரவுண்ட்ஸ் போகும்போது அந்த அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தலையை வழித்து வாரி, நிறைய கதம்பம் வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் புருஷனைப் படுக்கவைத்துவிட்டுப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. என் பார்வை போன இடத்தைப் பார்த்து அவரே சொன்னார்.

“அவருதாங்க வாங்கி வச்சிக்கச் சொன்னாரு.”

வெளியே மழை கொட்டியது. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. விளக்குகள் மங்கலாக எரிந்தன. அந்த வெளிச்சத்தில் எல்லோருடைய முகமும் சீக்காளி முகமாகத்தான் இருந்தது. பெரியவரின் முகம் மட்டும் சாந்தமாக இருந்தது. அந்தச் சாந்தம் எனக்குப் பிடிக்கவில்லை. காய்ச்சலும் குத்துவலியும் உள்ளவன் முனகவேண்டும், எரிந்து விழவேண்டும், எப்போது வீட்டுக்கு விடுவீர்கள் என்று உயிரை எடுக்கவேண்டும். இவர் சுவரைப் பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டு கிடந்தார். மூக்கின் ஓரம் மூச்சுக்கு மூச்சு விரிந்தது.

அப்போதுதான் அவர்களுடைய மகள் வந்தாள். கரியாலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மலையிலேயே வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாள். முதல் பஸ் பிடித்து நனைந்துகொண்டே இறங்கி வந்திருந்தாள். கட்டிலுக்குக் கிட்டே வரவில்லை. கால்மாட்டில், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். எப்போதும் அவள் நிற்கும் தூரம் அதுதான் என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது.

பெரியவர் கண்ணைத் திருப்பினார். “வாம்மா. மழையில நனைஞ்சிட்டியே கண்ணு. தலையத் தொவட்டிக்கோ, சளி புடிச்சிக்கும்” என்றார்.

அந்தப் பெண் இரண்டடி பின்னால் போனாள். கையிலிருந்த குடை கீழே விழுந்தது.

“மேடம், எங்கப்பாவுக்கு இன்னாமோ ஆயிப்போச்சு.”

“ஏம்மா? நல்லாத்தானே பேசுறாரு?”

“அதத்தான் மேடம் சொல்றேன்!” என்று கத்தினாள். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “நானு பொறந்ததுலருந்து எங்கப்பா என்னை கண்ணுன்னு கூப்டதே இல்ல. எம் பேரே அவரு வாயில வந்ததில்ல. நாயி, சனியன், அதுக்கும் மேல இன்னாமோ சொல்லுவாரு, அதான் எம் பேரு. எங்கம்மாவ அவரு சொல்றத நான் வெளியில சொல்ல முடியாது. நேத்து போன்ல எங்கம்மா, அப்பா நல்லா பேசுறாருடின்னு சிரிச்சிக்கினே சொல்லுச்சி. விடிஞ்சதும் மொத பஸ்ஸப் புடிச்சி ஓடியாந்தேன்.”

யா அல்லா, இந்த மனுஷன் தன்மையானவர் இல்லை. தன்மையாக ஆகியிருக்கிறார்.

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவருடைய நெஞ்சில் கையை வைத்து, வாட்சைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் எண்ணினேன். முப்பதை எப்போதோ தாண்டிவிட்டது. சிஸ்டர் எழுதிவைத்திருந்ததோ மறுபடியும் இருபது. மூச்சு எண்ணுவதற்கு மெஷின் வேண்டாம், ஒரு நிமிடம் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதபோது எழுதுகிற எண் இருபது. நாடு பூராவும் எல்லா நோயாளியும் இருபதுதான் மூச்சு விடுகிறான். அந்த சிஸ்டரிடம் நான் என்ன சொன்னேன் என்பது இங்கே வேண்டாம். பிரஷர் பார்க்கச் சொன்னேன். சாயங்காலம் இருந்ததைவிட வெகுவாக இறங்கியிருந்தது.

பிறகு அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இந்தத் தடவை அந்த அம்மாவைப் பார்த்து வாயில் விரல் வைத்துக் காட்டினேன்.

“அய்யா, கரும்பெல்லாம் எப்டி கீது?”

“நல்லா கீதுங்க. அண்ணன் மடை தொறக்கப் போயிருக்காரு. வந்துருவாரு.”

மகள் என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாள். பெரியப்பா செத்து ரொம்ப வருஷம் ஆகிறதாம்.

“சரிங்கய்யா. இதோ, பக்கத்துல உக்காந்துக்கினு கீறாங்களே, இவங்க யாருங்க?”

பெரியவர் திரும்பி, பூ வைத்திருந்த அந்த முகத்தை நிதானமாகப் பார்த்தார். “தெர்லீங்களே. எந்த ஊரோ. நல்ல மாதிரியா கீறாங்க. பாவம், நேத்துலருந்து எனக்காவ ஒக்காந்துக்கினே கீறாங்க. இவங்க வூட்ல தேட மாட்டாங்களா?”

அந்த அம்மாவின் கை தானாகத் தலைப்பூவுக்குப் போனது, தொட்டது, கீழே இறங்கியது.

யார் என்று தெரியாததால்தான் “வாங்க, உக்காருங்க” எல்லாம். வீட்டுக்கு வந்த வெளியாளிடம் மரியாதையாகப் பேசுகிறவர்தான் அவரும். அந்த மரியாதை இத்தனை வருஷமும் வாசலிலேயே நின்றிருக்கிறது. காய்ச்சல் மூளைக்கு ஏறி, கட்டிய மனைவி வெளியாளாகத் தெரிந்த பிறகுதான் அந்த அம்மாவுக்கு அது கிடைத்தது. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி தெளிவாகப் பேசுகிறாரா என்பதல்ல, எப்போதும் போலப் பேசுகிறாரா என்பது. அன்றிலிருந்து எல்லோரிடமும் அப்படித்தான் கேட்கிறேன்.

குழப்பத்துக்கு ஒரு மார்க். மூச்சுக்கு ஒன்று. பிரஷருக்கு ஒன்று. புதிதாக எடுத்த ரத்தத்தில் யூரியாவும் ஏறியிருந்தது, அதற்கும் ஒன்று. வயதைத் தவிர எல்லாவற்றிலும் நல்ல மார்க். ஐசியூவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினோம்.

இப்போது மருந்து. கொடுத்த ஊசியும் மாத்திரையும் இந்த ஊரில் வருகிற பெரும்பாலான நிமோனியாவுக்குக் கேட்கக்கூடியவை. ஒரே இரவில் எந்த மருந்தும் மாயம் செய்யாது, அது தெரியும். ஆனால் இவ்வளவு வேகமாகச் சரிகிறார் என்றால் உள்ளே இருப்பது வேறு எதுவோ என்று மனதில் பட்டது. மகளை ஐசியூ வாசலில் நிறுத்தி, காய்ச்சலுக்கு முன்னால் அவர் எங்கே போனார், என்ன செய்தார் என்று கேட்டேன். அவள் மலையிலேயே இருப்பவள், அவளுக்கு எப்படித் தெரியும்? அம்மாவைப் பார்த்தாள்.

“கழனியிலதாங்க கெடந்தாரு” என்றார் அந்த அம்மா. “மடை ஒடைஞ்சிக்கிச்சின்னு பொழுதன்னைக்கும் சேத்துலயே நின்னுக்கினு இருந்தாரு. செருப்பு போடுங்கன்னேன், அதுக்கும் திட்டு வாங்கினேன். கால்ல கரும்புக் கட்டை குத்திப் பொத்துக்கிச்சு. அது இன்னும் ஆறவே இல்லீங்க.”

திரும்ப ஓடிப்போய்ப் போர்வையை விலக்கி அவர் பாதத்தைப் பார்த்தேன். குதிகாலுக்கு மேலே ஒரு புண், சுற்றிலும் கறுத்து, நடுவில் ஈரமாக. சுகர் இருக்கிறவர். சேற்றில் நின்றவர். மழை. இந்த மூன்றும் சேரும் இடத்தில் ஒரு கிருமி உண்டு. மண்ணிலேயே வாழ்வது. வெயில் காலத்தில் அடியில் எங்கேயோ கிடக்கும், மழையில் மேலே வரும், பொத்தல் கிடைத்தால் உள்ளே போகும். மெலியாய்டோசிஸ் என்று பெயர். வீட்டாருக்கு மண் கிருமி என்று சொல்லுவேன். வழக்கமாகப் போடும் ஊசியை அது மதிக்காது. காத்திருந்தால் ஆள் இருக்கமாட்டார்.

ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுக்கச் சொன்னேன். கிருமியை வளர்த்துப் பார்த்து லேப் சொல்ல நாள் ஆகும். அதற்குள் நாம் ஒன்றை முடிவு செய்தாகவேண்டும். தப்பாக இருந்தால் பெரிய மருந்தை வீணடித்தேன் என்று ஆகும். சரியாக இருந்து போடாமல் விட்டால்? பூட்டைத் திறந்தேன். இத்தனை வருஷம் எல்லோரிடமும் சண்டை போட்டுப் பூட்டிவைத்தது இந்த மாதிரி ஒரு நாளுக்குத்தானே.

ஊசி ஏறத் தொடங்கியபோதும் அவர் தன்மையாகத்தான் இருந்தார். மாஸ்க்குக்கு உள்ளிருந்து “மன்னிச்சிக்கோங்க, உங்களுக்குத் தொந்தரவு” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். முதல் நாள் அதைக் கேட்டுச் சிரித்த சிஸ்டர்கள் இப்போது அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கவே பயந்தார்கள். அவர் ஒவ்வொரு “ங்க” சொல்லும்போதும் எனக்கு மானிட்டரைப் பார்க்கத் தோன்றியது. மதியத்துக்குள் பேச்சு நின்றது. தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தோம்.

ஐசியூ வாசலில் அம்மாவுக்கும் மகளுக்கும் சண்டை. கதவைத் திறந்துகொண்டு நான் வெளியே வந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

“நீ ஏம்மா டாக்டராண்ட சொல்லல? உனக்குத் தெரியாதா அப்பா அப்பிடிப் பேசுற ஆளா?”

“இன்னான்னுடி சொல்றது?” அந்த அம்மா கேட்டார். “எம் புருசன் எங்கிட்ட நல்லா பேசுறாரு, இன்னா சீக்குன்னு வந்து பாருங்கன்னு சொல்றதா?”

மகள் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“நா வேண்டாத சாமி இல்ல. சாமி கண்ணத் தொறந்துச்சின்னு நெனச்சேன். சாப்ட்டீங்களான்னு கேக்குறாருடி. என்னையப் பாத்து. வாயில வெரல வச்சிக்கினு ஒக்காந்துட்டேன், சத்தம் போட்டா கலைஞ்சிடுமோன்னு.” முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

எனக்குக் கண் எரிந்தது. கோபம்தான். யார்மீது என்று தெரியாத கோபம். திரும்ப உள்ளே போய் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

அடுத்து வந்த நாட்களைச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அவர் கிடந்தார், மெஷின் அவருக்காக மூச்சு விட்டது. பிரஷர் ஏறும், இறங்கும். மலையிலிருந்து இறங்கிய மேகம் ஊர்மேலேயே நின்றது. அந்த அம்மா வாசலை விட்டு அசையவில்லை. தலையில் வைத்த கதம்பத்தை எடுக்கக்கூட அவருக்கு நினைவில்லை, அது காய்ந்து சருகாகித் தொங்கியது. ஒருநாள் சிஸ்டரே அதை எடுத்துவிட்டாள். கதவைத் திறக்கும்போதெல்லாம் அவர் எழுந்து நிற்பார். என் முகத்தைப் பார்ப்பார். நான் ஒன்றும் சொல்லாமல் போனால் திரும்ப உட்காருவார். “பொழச்சி வந்தா போதுங்க” என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு எதுவும் வரவில்லை. அதில் ஒரு துளி பொய் இல்லை. நான் பார்த்தேன்.

லேபிலிருந்து போன் வந்தது. மண் கிருமியேதான். அந்த மருந்துதான் அதற்குச் சரி. ரிசீவரை வைத்துவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார். காய்ச்சல் இறங்கியது, பிரஷர் தன் காலில் நின்றது, எக்ஸ்ரேயில் வெள்ளை குறைந்தது. குழாயை எடுத்த மறுநாள் சிஸ்டர் ஓடி வந்தாள்.

“மேடம், பேசிட்டாரு!”

“இன்னா பேசினாரு?”

“அந்தம்மாவ உள்ள வுட்டோம் மேடம். பாத்தாரு. ஒடனே… கெட்ட வார்த்தை மேடம். எங்கடி போயிக் கெடந்தேன்னு.”

“அவங்கள அடையாளம் தெரிஞ்சிதா?”

“நல்லா தெரிஞ்சிது மேடம்.”

சார்ட்டை எடுத்து, ‘நினைவு தெளிவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐசியூவில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான், ஏன் பொய் சொல்லவேண்டும். செத்துப்போகவேண்டியவர் திட்டுகிறார். போய்ப் பார்த்தேன். அந்த அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தார். அவர் திட்டிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்ததும், “வாங்க டாக்டரம்மா” என்றார். வெளியாள் அல்லவா நான்.

மண் கிருமிக்கு ஊசி முடிந்தாலும் வைத்தியம் முடியாது. மாதக்கணக்கில் மாத்திரை போடவேண்டும். நடுவில் விட்டால் உள்ளே ஒளிந்திருப்பது கிளம்பிவிடும், மறுபடி கிளம்பினால் முதல் தடவை மாதிரி சுலபத்தில் ஆளை விடாது. இவர் மாத்திரையை இஷ்டத்துக்குப் போடுகிற ஆள் என்பதால் அந்த அம்மாவைத் தனியே உட்காரவைத்துச் சொன்னேன். காலையில் இவ்வளவு, ராத்திரி இவ்வளவு, நீங்களே கையில் கொடுத்து, முழுங்குகிறாரா என்று நின்று பார்க்கவேண்டும். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். திருப்பிச் சொல்லச் சொன்னபோது ஒன்றுவிடாமல் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து செக்கப்புக்கு வந்தார்கள். பெரியவர் தேறியிருந்தார். கன்னத்தில் சதை வந்திருந்தது, கால் புண் ஆறியிருந்தது. எனக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, இந்த முண்டத்துக்கு ஒரு மாத்திரையை ஒழுங்காக எடுத்துக் கொடுக்கத் துப்பில்லை என்று ஆரம்பித்து, நான் நெஞ்சைச் சோதித்து முடிக்கும்வரை நிறுத்தவில்லை. நான் மேஜையில் தட்டினேன்.

“அய்யா, அவங்க இல்லன்னா நீங்க இங்க உக்காந்துக்கினு இருக்க மாட்டீங்க. வாய மூடுங்க.”

“நீங்க படிச்சவங்க, உங்களுக்கு இந்தக் கழுதையப் பத்தித் தெரியாதும்மா” என்று எனக்கு மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு எழுந்து, டோக்கன் கொடுக்கிறவனிடம் எதற்கோ சண்டை பிடிக்க வெளியே போனார்.

அந்த அம்மா மாத்திரைப் பையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். நெற்றியில் பொட்டு இருந்தது, தலையில் பூ இல்லை. கதவு மூடியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்கம்மா.”

“இந்த மாத்திரைய நடுவுல நிறுத்திட்டா, அந்தக் காய்ச்சல் திரும்பி வருங்களா?”

“வரும்மா. கட்டாயம் வரும். அதனாலதான் அவ்ளோ சொன்னேன்.”

அவர் பையின் கைப்பிடியை முறுக்கினார்.

“வந்தா, மறுபடி என்னைய மறந்துடுவாருங்களா?”

பயந்துபோய்க் கேட்கிறார் என்று ஆறுதல் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்புறம்தான் அந்த முகத்தைப் பார்த்தேன். பயமே இல்லை. முதல் நாள் தலை குனிந்தபோது ஓடிய அதே அடக்கிய சிரிப்பின் சாயல், ஒரு நொடி. வார்டையே நடுங்கவைக்கிற எனக்கு அந்த ஒரு கேள்விக்குக் கோபம்கூட வரவில்லை. பயம்தான் வந்தது.

“செத்துடுவாரும்மா” என்றேன். “இந்த தபா மறக்கறதுக்குக்கூட நேரம் இருக்காது. நிறுத்தாதீங்க.”

“நிறுத்தமாட்டேங்க” என்றார் உடனே. “சும்மா கேட்டேன்.”

வெளியே கூடத்திலிருந்து பெரியவர் கூப்பிட்டார். வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிற மாதிரியான ஒரு வார்த்தை. அந்த அம்மா மாத்திரைப் பையை முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார்.

“தோ, வந்துட்டேங்க” என்று சொல்லிக்கொண்டே வேகமாக வெளியே போனார்.